பெட்ரோல் பிக்கப்பில் டீசல் எஞ்சின்: முடிவைச் சொன்னது பின் ஆக்ஸில்

என் பிக்கப்பின் 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஓய்ந்துவிட்டது. நான்கு சிலிண்டரில் இரண்டில் கம்ப்ரெஷன் இல்லை. ஊற்றும் ஆயிலெல்லாம் சைலன்சர் வழியே நீலப் புகையாய்ப் போனது. ஆனால் சேஸ் கல் மாதிரி இருந்தது, ஒரு இடத்தில்கூடத் துரு இல்லை. அதே எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் ரிங் மாற்றியிருந்தால் இரண்டு வாரத்தில் வேலை முடிந்திருக்கும். எனக்கோ அந்த வண்டியில் டீசல் வைத்துப் பார்க்கவேண்டும் என்று பல வருட ஆசை. சுமையோடு மேடு ஏறும்போதெல்லாம் மூன்றாம் கியரில் கதறவிட்டுத்தான் ஏறவேண்டியிருந்தது. டீசல் என்றால் கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும்.

மனதில் முதலில் இருந்தது கம்மின்ஸ் 4பி-டி. டீசல் மாற்று வேலை செய்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வரும் பெயர் அதுதான். 3.9 லிட்டர், நான்கு சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 102 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 120 மி.மீ. கேம்ஷாஃப்டைச் சுற்றுவது பெல்ட் அல்ல, பல்சக்கரம். டீசலைப் பாய்ச்சுவது முழு மெக்கானிக்கல் பம்ப். அதன் ஆறு சிலிண்டர் அண்ணனான 5.9 லிட்டர் எஞ்சின் 1989 முதல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்து பெயர் வாங்கியது. நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே 350 நியூட்டன் மீட்டருக்கு மேல் டார்க், அதாவது இழுவைத் திறன். இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அந்த எஞ்சினை என் கியர்பாக்ஸோடு இணைக்கும் அடாப்டர் பிளேட் கடைய முடியுமா என்று கேட்க லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பின்னாடி கிரவுன் என்ன ரேஷியோ தம்பி?" எனக்குத் தெரியவில்லை. "அதை எண்ணிட்டு வா. அப்புறம் எஞ்சினைப் பத்திப் பேசலாம்."

கிரவுன் என்பது பின் ஆக்ஸிலுக்குள் சக்கரங்களைச் சுற்றும் பெரிய பல்சக்கரம். அது ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றவேண்டும் என்பதுதான் ரேஷியோ. அதை ஹௌசிங்கைத் திறக்காமலே எண்ணிவிடலாம். கியரை நியூட்ரலில் போட்டு, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். வண்டியைத் தாங்க ஸ்டாண்ட் கட்டாயம். டயரிலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. மறு சக்கரம் தரையில் நிற்பதால், சாதாரண டிஃபரன்ஷியலில் தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். சக்கரத்தை 20 முறை சுற்றினேன். ஷாஃப்ட் 41 முறை சுற்றியது. அதாவது கிரவுன் 10 சுற்றுக்கு ஷாஃப்ட் 41. ரேஷியோ 4.10.

அடுத்தது டயர். காற்றுச் சரியாக வைத்து, வண்டியை நேராகத் தள்ளி, சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது தரையில் எவ்வளவு தூரம் போகிறது என்று டேப்பால் அளந்தேன். 2.23 மீட்டர். கியர்பாக்ஸில் ஐந்தாம் கியர் 0.85. இனி வெறும் கணக்குதான். மணிக்கு 90 கி.மீ. என்றால் நொடிக்கு 25 மீட்டர், சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 673 சுற்று. அதை 4.10 ஆல் பெருக்கி, 0.85 ஆல் பெருக்கினால் எஞ்சின் 2,344 சுற்றில் ஓடும்.

இந்த ஒரு எண்ணில் என் 4பி-டி ஆசை ஆட்டம் கண்டது. அந்த எஞ்சின் தொழிற்சாலை அமைப்பில் தன் முழு சக்தியை எட்டுவதே 2,500 சுற்றை ஒட்டித்தான். நெடுஞ்சாலையில் அது நிம்மதியாக ஓடவேண்டிய இடம் 1,800-லிருந்து 2,000. என் வண்டியில் வைத்தால் 90 கி.மீ. வேகத்திலேயே கவர்னரின், அதாவது எஞ்சின் சுற்றுக்கு எல்லை போடும் அமைப்பின், வாசலில் போய் நிற்கும். சத்தம், அதிர்வு, டீசல் செலவு எல்லாமே கூடும். அதை அதன் இடத்தில் ஓடவைக்க 3.5-ஐ ஒட்டிய கிரவுன் பினியன் தேடி மாற்றவேண்டும். ஆக, எஞ்சின் மாற்றும் வேலையோடு ஆக்ஸில் மாற்றும் வேலையும் கூட வந்து ஒட்டிக்கொள்ளும்.

எடைதான் அதைவிடப் பெரிய விஷயம். பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கும்போது சங்கிலிக்கும் கொக்கிக்கும் நடுவே தொங்கு தராசு மாட்டிப் பார்த்தேன். 170 கிலோ. 4பி-டி சுமார் 340 கிலோ, அப்படியே இரண்டு மடங்கு. அந்த டார்க்கை என் பழைய கியர்பாக்ஸ் தாங்காது, அதனால் கனமான கியர்பாக்ஸும் வேண்டும். எஞ்சினை இறக்குவதற்கு முன்பே எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தி எடை எடுத்திருந்தேன். ஆளில்லாமல் 760 கிலோ. கதவோரத் தட்டில் முன் ஆக்ஸிலின் எல்லை 980 என்று போட்டிருக்கிறது. எஞ்சினில் கூடும் 170-ஐயும், கியர்பாக்ஸில் கூடுவதில் முன்பக்கம் விழும் ஒரு 50-ஐயும் சேர்த்தால், யாரும் ஏறி உட்காருவதற்கு முன்பே எல்லை முடிந்துவிடுகிறது. ஸ்பிரிங்கை மட்டும் கனமாகப் போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். ஸ்பிரிங் வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். பால் ஜாயின்ட், வீல் பேரிங், பிரேக் எல்லாம் பழைய கனத்துக்குச் செய்தவை. இறக்கத்தில் உயிரைக் காப்பாற்றவேண்டியவை அவைதான்.

அந்த எஞ்சினை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு டன்னுக்கு மேல் சுமக்கும், முன் ஆக்ஸில் தடித்த பெரிய பிக்கப்பில் அது பொன். எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். முன்பக்கப் பல்சக்கரக் கவசத்துக்குள் ஒரு சிறு டவல் பின் (பாகங்களை நேராகப் பொருத்த வைக்கும் இரும்பு ஆணி) இருக்கிறது. காலப்போக்கில் அது நழுவி வெளியே வந்து பல்சக்கரங்களுக்கு நடுவே விழலாம். எஞ்சினை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே கவசத்தைத் திறந்து, அந்தப் பின் வெளியேற முடியாதபடி ஒரு சிறு தகட்டைப் போல்ட்டில் கொடுத்துத் தடுத்துவிடவேண்டும். வெளியே இருக்கும்போது அரை நாள் வேலை. வண்டிக்குள் போய்விட்டால் ரேடியேட்டரில் தொடங்கி எல்லாவற்றையும் கழற்றவேண்டிவரும்.

அடுத்து மெர்சிடிஸ் ஓஎம்617. ஐந்து சிலிண்டர், 3 லிட்டர், டர்போவோடு 125 குதிரைத்திறன் வரை. நான்காயிரம் சுற்றுக்கு மேலும் ஓடும் எஞ்சின், அதனால் என் 4.10 கிரவுனுக்கு ஒத்துப்போகும். ஐந்து சிலிண்டரின் சத்தத்தில் ஒரு தனி இனிமை உண்டு, கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கிடைக்கவிருந்தது காரிலிருந்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு வெளியே வந்த எஞ்சின். எனக்கு வேண்டியது கால் க்ளட்ச். அதற்கு ஃப்ளைவீல், அடாப்டர் பிளேட், பைலட் பேரிங் எல்லாவற்றையும் புதிதாகக் கடையவேண்டும். ஃப்ளைவீலை பேலன்ஸ் செய்வதில் சின்னத் தவறு நேர்ந்தாலும் கிராங்க்ஷாஃப்ட் அதற்கு விலை கொடுக்கும். ஃபோக்ஸ்வாகன் 1.9 டிடிஐ-யையும் பார்த்தேன். எடை குறைவு, மைலேஜ் அருமை. ஆனால் அது குறுக்காகப் படுத்து முன்சக்கரத்தை ஓட்டும் எஞ்சின், நேர்வாட்டில் திருப்பிப் பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்ப அதற்கும் அதே அடாப்டர் கதைதான். டைமிங் பெல்ட்டும் உண்டு. சுமை வண்டியில் பெல்ட் எனக்குப் பிடிக்காது.

டீசல் பாய்ச்சுவதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் எஞ்சின்களையும் யோசித்தேன். சத்தம் குறைவு, சக்தி அதிகம், புகை சுத்தம். கம்மின்ஸ் ஆர்2.8 மாதிரி, மாற்று வேலைக்கென்றே வயரிங்கும் கம்ப்யூட்டரும் சேர்த்துத் தயாரித்த எஞ்சின் கையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். 161 குதிரைத்திறன், 420 நியூட்டன் மீட்டர். வேறு வண்டியிலிருந்து கழற்றிய காமன் ரெயில் எஞ்சின் வேறு விஷயம். ஆக்சிலரேட்டர் பெடல், சாவியின் இம்மொபிலைசர், மீட்டர், சில வண்டிகளில் ஏபிஎஸ் வரை எல்லாம் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருக்கும். அதில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் கிளம்பாது, கிளம்பினாலும் முழு சக்தி தராது. வயரிங் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது சவால், எனக்கு அது சுவர். மெக்கானிக்கல் பம்ப் ஓட அடிப்படையில் ஒரே ஒரு வயர் போதும், டீசலைத் திறக்கும் சொலினாய்டுக்கு.

இப்படிக் கழித்துக் கழித்து வந்தபோது கையில் நின்றது இசுசு 4ஜேபி1-டி. 2,771 சி.சி., போர் 93, ஸ்ட்ரோக் 102, டைரக்ட் இன்ஜெக்ஷன், டைமிங்குக்குப் பல்சக்கரம், சுழல் வகை மெக்கானிக்கல் பம்ப். முழு சக்தி 3,600 சுற்றை ஒட்டி, அதனால் 90 கி.மீ. வேகத்தில் 2,344 சுற்று என்பது அதற்கு வசதியான நடு இடம். டார்க் 200 நியூட்டன் மீட்டரைச் சற்றே தாண்டும். கம்மின்ஸின் எண்ணைப் பார்த்த கண்ணுக்கு இது சின்னதாகத் தெரியும். ஆனால் என் பெட்ரோல் எஞ்சின் தன் உச்சமான 180-ஐ 2,800 சுற்றில்தான் தந்தது. இது அதைவிடக் கூடுதலாக, 2,000 சுற்றை ஒட்டியே தரும். நான் மேட்டில் ஏங்கியது அந்த இழுவைக்குத்தான். எடை, செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் சேர்த்து, பிறகு தராசில் பார்த்தபோது 240 கிலோ. பழையதைவிட 70 கூடுதல். முன் ஆக்ஸிலில் 830-ஐ ஒட்டி நிற்கும், தாராளம்.

முக்கியமாக, அது தன் சொந்த ஐந்து கியர் மேனுவல் கியர்பாக்ஸோடு, க்ளட்ச்சோடு, ஒரே துண்டாகக் கிடைத்தது. ஐந்தாம் கியர் ரேஷியோவும் என் பழைய கியர்பாக்ஸை ஒட்டியே இருந்தது. அடாப்டர் பிளேட்டே வேண்டாம். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை நீளம் மாற்றி பேலன்ஸ் செய்து, கியர்பாக்ஸ் தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்தினால் போதும். லேத் அண்ணனுக்கு இதைக் கேட்டு முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு அடாப்டர் வேலை போனதில் வருத்தமே இல்லை.

வாங்குவதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் எஞ்சின் எண் மாற்றத்துக்கும் எரிபொருள் மாற்றத்துக்கும் விதிகளைக் கேட்டுக்கொண்டேன். எஞ்சின் எந்த ஆண்டுத் தயாரிப்பு என்பதைப் பொறுத்தே புகை விதி அமைவதால், இதைக் கடைசிக்கு வைத்தால் செய்த வேலையெல்லாம் நிறுத்திவைத்த வண்டியாகிவிடும்.

எஞ்சினைப் பார்க்கப் போன அன்று விற்பவர் எனக்கு முன்பே அதை ஓடவிட்டுச் சூடாக வைத்திருந்தார். பிளாக்கில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. நன்றி சொல்லி, நாளைக் காலை வருகிறேன், அதுவரை தொடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு திரும்பினேன். டீசல் எஞ்சின் உண்மையைச் சொல்வது குளிர்ந்த நிலையில் மட்டும்தான். மறுநாள் குளிர்ந்த பிளாக். மூன்றாம் சுற்றிலேயே பிடித்தது, சில நொடி வெள்ளைப் புகை, பிறகு தெளிந்தது. வெள்ளைப் புகை நீடித்தால் டீசல் எரியாமல் வருகிறது, அதாவது கம்ப்ரெஷனோ டைமிங்கோ நாசிலோ சரியில்லை. நீலம் ஆயில். மிதித்தால் மட்டும் வரும் கறுப்பு பெரும்பாலும் பம்ப் அளவு அல்லது காற்றுப் பற்றாக்குறை, அது தீர்க்கக்கூடியது. ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து கவிழ்த்து அதன் மேலேயே வைத்தேன். ஆடியது, ஆனால் தூக்கியெறியப்படவில்லை. ரிங் தேய்ந்த எஞ்சினில் அந்த மூடி துள்ளி விழும்.

குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே கேஜ் வைத்து கம்ப்ரெஷன் பார்த்தேன்: 27, 28, 27, 25.5 பார். நாலாவது சற்றுக் குறைவு. எந்த இரண்டு சிலிண்டருக்கும் 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வாங்குவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன், இது அதற்குள் இருந்தது. டர்போவின் தண்டை விரலால் பிடித்து அசைத்தேன். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இயல்பு, முன்னும் பின்னுமாக ஆடக்கூடாது. பம்ப்பின் மேல்மூடியில் மட்டும் டீசல் கசிந்த கறை. கந்தகம் குறைந்த இப்போதைய டீசலில் பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிவது சகஜம், புதுச் சீல் செட் போட்டால் சரியாகும்.

வாங்கிய கையோடு ஒட்டுப்பலகையில் எஞ்சின் அளவுக்கு ஒரு பெட்டி அடித்தேன். சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கும் இடம், டர்போ நீட்டும் இடம், விசிறி முனை எல்லாம் அதில் வரும். 240 கிலோ இரும்பைத் தூக்கித் தூக்கி இறக்குவதற்குப் பதில் மூன்று கிலோப் பெட்டியை இறக்கிப் பார்க்கலாம். சம்ப் முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும் என்பது அதில்தான் தெரிந்தது. எஞ்சினை 35 மி.மீ. பின்னால் நகர்த்தினேன், ஃபயர்வாலில் ஒரு மடிப்பைத் தட்டித் தட்டையாக்கினேன். ஸ்டீயரிங் தண்டுக்கும் டர்போவின் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி, அதில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு.

மவுண்ட்டில் ஒரு தவறு செய்தேன். வலுவாக இருக்கட்டும் என்று கடினமான பாலியூரிதேன் மவுண்ட் செய்தேன். ஐடிலில் பக்கக் கண்ணாடியில் எதுவுமே தெரியவில்லை, எல்லாம் கலங்கிய நீர். நான்கு சிலிண்டர் எஞ்சின் 750 சுற்றில் நொடிக்கு 25 முறை உதைக்கும், டீசலின் உதை பெட்ரோலைவிடப் பலம். அந்த உதையை விழுங்குவது ரப்பரின் மென்மைதான். கடைசியில் எஞ்சினோடு வந்த அதன் சொந்த மவுண்ட்டுகளையே, அவை இருந்த அதே சாய்வில், புது பிராக்கெட்டில் வைத்தேன். இரண்டு வெல்டிங்கை வெட்டி எடுக்கவேண்டியிருந்தது.

மின்சாரத்தில் இன்னொன்று. அந்த எஞ்சின் 24 வோல்ட் வண்டியிலிருந்து வந்தது, என்னுடையது 12. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், நிறுத்தும் சொலினாய்டு மூன்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றினேன். ஆல்டர்னேட்டரில் மட்டும் கவனம் தேவைப்பட்டது. டீசலில் பெட்ரோல் போல மேனிஃபோல்டில் வேக்குவம் கிடையாது, பிரேக் பூஸ்டருக்குத் தனி வேக்குவம் பம்ப் வேண்டும். இந்த எஞ்சினில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கிறது, எஞ்சின் ஆயிலில் ஓடுகிறது. சாதாரணக் கார் ஆல்டர்னேட்டரைப் போட்டிருந்தால் சார்ஜ் ஏறும், பிரேக் மரக்கட்டை. பம்ப் உள்ள 12 வோல்ட் ஆல்டர்னேட்டராகத் தேடி வாங்கினேன். ஆர்பிஎம் மீட்டருக்கும் சிக்னல் அங்கிருந்தே, டபிள்யூ முனையிலிருந்து. டீசலில் இக்னிஷன் காயில் இல்லையே.

முதல் ஸ்டார்ட் அன்று காற்று உறிஞ்சும் வாயை மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு நண்பன் நின்றான். டீசல் கட்டுமீறி ஓட ஆரம்பித்தால் சாவியைத் திருப்பிப் பயனில்லை, மூச்சை அடைத்தால்தான் நிற்கும். வெறும் கையை மட்டும் வைக்கவே கூடாது. பலகைக்கு வேலை வரவில்லை, ஏனென்றால் எஞ்சினே கிளம்பவில்லை. நன்றாகச் சுற்றியது, வெள்ளையாய்ப் புகைத்தது, பிடிக்கவில்லை. டீசல் குழாயில் இருந்த ஏரை வெளியே எடுத்தேன், நாசில் நட்டுகளைத் தளர்த்திப் பார்த்தேன், டீசல் சரியாக வருகிறது. ஒன்றரை நாள் கழித்து ஒரு ஹீட்டர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பக்கவாட்டில் 23 வோல்ட் என்று பொறித்திருந்தது. மற்றதையெல்லாம் மாற்றிய நான் இதை விட்டுவிட்டேன். மின்னழுத்தம் பாதியானால் சூடு கால் பங்குதான். 12 வோல்ட் அமைப்புக்கான நான்கு பிளக் போட்டதும் அரைச் சுற்றில் பிடித்தது. அந்த முதல் கடகடச் சத்தத்தில் நண்பன் பலகையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான்.

டீசல் டேங்க் பழைய பெட்ரோல் டேங்கேதான். உள்ளிருந்த எலெக்ட்ரிக் பம்ப்பை எடுத்து, கழுவிக் காயவைத்து, திரும்பிவரும் டீசலுக்கு ஒரு குழாயைச் சேர்த்தேன், வழியில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர். முதல் வாரம் காலையில் மட்டும் பிடிக்கத் தயங்கியது. பம்ப்புக்குள் போகும் இடத்தில் ஒரு சாண் ஒளிபுகும் குழாயைப் போட்டதும் குமிழிகள் தெரிந்தன. டேங்கின் மேல் பழைய ரப்பர் இணைப்பு, டீசல் சொட்டாமல் காற்றை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. உறிஞ்சும் பக்கத்துக் கசிவு ஈரம் காட்டாது என்பதால் கண்ணால் தேடி அகப்படாது.

இப்போது 4,000 கி.மீ. ஓடியாகிவிட்டது. 700 கிலோ சுமையோடு அதே மேட்டில் நாலாம் கியரில், கால் பாதி மிதியில் ஏறுகிறது. டெம்பரேச்சர் முள் அசையவில்லை. வால்வ் இடைவெளி ஒருமுறை பார்த்தேன், இரண்டு மட்டும் சற்று இறுகியிருந்தன. முன்பக்கம் 18 மி.மீ. இறங்கியிருந்தது, முன்பக்க ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கிச் சரிசெய்தேன்.

மிச்சம் ஸ்பீடோமீட்டர். புது கியர்பாக்ஸின் ஸ்பீடோ பல்சக்கரம் அதன் பழைய வண்டியின் டயருக்கும் கிரவுனுக்கும் ஏற்றது. ஜிபிஎஸ்ஸில் 90 ஓடினால் முள் 104 காட்டுகிறது. கேபிளைச் சுற்றும் பல்சக்கரத்தில் 22 பல். 104-ஐ 90 ஆல் வகுத்து 22 ஆல் பெருக்கினால் 25.4 வருகிறது. 25 பல் சக்கரம் ஒன்றைச் சொல்லிவைத்திருக்கிறேன். அது வந்துவிட்டால் 90-க்கு முள் 91.5-ஐ ஒட்டி நிற்கும்.